செரிமானப் பாதையின் தசை இறுக்கமும் நைட்ரிக் ஆக்சைடும்

நைட்ரிக் ஆக்சைடு என்பது ஒரு நைட்ரசன் அணுவும் ஓர் ஆக்சிசன் அணுவும் இணைந்து உருவாகும் நிறமற்ற வாயு ஆகும். மனித உடலில் இது மிகச் சிறிய அளவில் உற்பத்தியாகி, உயிரணுக்களுக்கு இடையே செய்தி கடத்தும் மூலக்கூறாகச் செயல்படுகிறது. உணவுக்குழாய் முதல் மலவாய் வரையுள்ள செரிமானப் பாதையில் இதன் முதன்மையான பணி தசைகளைத் தளர்த்துவதாகும். விழுங்கிய உணவு இரைப்பைக்குள் இறங்குவது, உண்ட உணவுக்கு ஏற்ப இரைப்பை விரிவது, உணவுக்கூழ் சிறுகுடலுக்குள் செல்வது, மலம் வெளியேறுவது ஆகிய அனைத்திற்கும் உரிய இடத்தில் உரிய நேரத்தில் இத்தளர்வு நிகழ வேண்டும். இது தவறும்போது அக்கலேசியா, இரைப்பை இயக்கக் குறைவு, ஆசனவாய் வெடிப்பு போன்ற நோய்களில் அதன் விளைவு வெளிப்படுகிறது.

அறுவை மருத்துவத்தில் மயக்கமூட்டப் பயன்படும் 'சிரிப்பூட்டும் வாயு' நைட்ரசு ஆக்சைடு ஆகும். பெயர் ஒத்திருந்தாலும் அது வேறு சேர்மம்; அதில் இரண்டு நைட்ரசன் அணுக்கள் உள்ளன.

மென்தசையும் அதன் இறுக்கமும்

கை, கால் தசைகளை நாம் விரும்பியபோது இயக்குகிறோம். இவை வரித்தசைகள். செரிமானப் பாதையின் பெரும்பகுதியில் இருப்பவை வரிகளற்ற மென்தசைகள். இவை நமது விருப்பத்திற்குக் கட்டுப்படாமல் இயங்குகின்றன. மனிதரின் உணவுக்குழாயில் மேற்பகுதி வரித்தசையாலும் கீழ்ப்பகுதி மென்தசையாலும் ஆனது. அதனால்தான் விழுங்கத் தொடங்குவது நமது விருப்பத்தில் இருக்கிறது. தொண்டையைத் தாண்டிய உணவை நிறுத்துவது நம்மால் இயலாது.

மென்தசை ஓய்வில் இருக்கும்போதும் முழுவதுமாகத் தளர்ந்து கிடப்பதில்லை. ஓரளவு சுருங்கிய நிலையைத் தொடர்ந்து தக்கவைத்துக் கொள்கிறது. இதுவே தசை இறுக்கம் எனப்படுகிறது. செரிமானப் பாதையில் வாயில்களைப் போல அமைந்துள்ள சுருக்குத்தசைகளில் இந்த இறுக்கம் மிகுதி. உணவுக்குழாயின் கீழ்முனையிலுள்ள சுருக்குத்தசையில் ஓய்வுநிலை அழுத்தம் ஏறத்தாழ 10 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அளவு இருக்கும். இரைப்பையின் அமிலம் மேலேறி வராமல் தடுப்பது இந்த அழுத்தமே. இவ்வாறு மூடியிருப்பதை இயல்பாகக் கொண்ட ஒரு வாயில் திறக்க வேண்டுமானால், அதைத் திறக்கச் சொல்லும் செய்தி ஒன்று நரம்பிலிருந்து வந்தாக வேண்டும்.

தளர்வு ஏன் தேவை

குடலில் உணவு நகர்வதற்குச் சுருக்கம் மட்டும் போதாது. பற்பசைக் குழாயின் பின்பக்கத்தை அழுத்தினாலும் மூடி திறந்திருந்தால்தான் பசை வெளியே வரும். 1899ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் ஆகியோர் நாய்களின் குடலை ஆராய்ந்து, இதனை ஒரு விதியாக வகுத்தனர். குடலில் ஓரிடத்தில் உணவுக் கவளம் இருந்தால், அதற்கு மேலுள்ள பகுதி சுருங்குகிறது. கீழுள்ள பகுதி தளர்கிறது. இந்தச் சுருக்கமும் தளர்வும் தொடர்ந்து முன்னேறுவதே பெரிஸ்டால்சிஸ் எனப்படும் அலைவியக்கமாகும்.

மேற்பகுதியைச் சுருக்கும் நரம்புகள் அசிட்டைல்கோலினை வெளியிடுகின்றன என்பது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தெளிவாகியது. கீழ்ப்பகுதியைத் தளர்த்தும் நரம்புகள் எதை வெளியிடுகின்றன என்ற கேள்விக்கு விடை கிடைக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின.

கண்டறியப்பட்ட வரலாறு

வேகஸ் நரம்பைத் தூண்டினால் இரைப்பை சுருங்குவதோடு தளரவும் செய்யும் என்பதை ஜான் லாங்லி 1898ஆம் ஆண்டிலேயே காட்டினார். 1960களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் மெல்பேர்னில் ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக்கும் அவரது குழுவினரும் கினியெலியின் பெருங்குடல் தசையை ஆராய்ந்தனர். அசிட்டைல்கோலினின் செயலையும் அட்ரீனலின் வகை நரம்புகளின் செயலையும் மருந்துகளால் தடுத்த பிறகும் நரம்பைத் தூண்டினால் தசை தளர்வதை அவர்கள் கண்டனர். அறியப்பட்ட இரு கடத்திகளையும் சாராத இந்நரம்புகளின் கடத்தி ஏ.டி.பி. மூலக்கூறாக இருக்கலாம் என்று பர்ன்ஸ்டாக் 1970களின் தொடக்கத்தில் முன்மொழிந்தார். பிற்காலத்தில் வி.ஐ.பி. என்ற புரதத்துண்டும் இதற்குப் போட்டியாக முன்வைக்கப்பட்டது.

இதற்கிடையே இரத்தக்குழாய் ஆய்வில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. நைட்ரோகிளிசரின் போன்ற மருந்துகள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டுத் தசையிலுள்ள ஒரு நொதியைத் தூண்டுகின்றன என்பதை ஃபெரிட் முராட் 1977இல் காட்டினார். இரத்தக்குழாயின் உட்சுவர் உயிரணுக்கள் தசையைத் தளர்த்தும் ஏதோ ஒரு பொருளை வெளியிடுகின்றன என்பதை ராபர்ட் ஃபர்ச்காட் 1980இல் வெளியிட்டார். அப்பொருள் நைட்ரிக் ஆக்சைடே என்பது 1986-87ஆம் ஆண்டுகளில் ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, சால்வடோர் மொன்காடா ஆகியோரின் ஆய்வுகளால் தெளிவானது. ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் 1998ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்தக் கண்டுபிடிப்பு குடல் ஆய்வாளர்களின் பழைய கேள்விக்கும் வழி திறந்தது. நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தடுக்கும் சேர்மங்களைப் பயன்படுத்தியபோது, நரம்பைத் தூண்டினாலும் தசை தளரவில்லை அல்லது தளர்வு வெகுவாகக் குறைந்தது. 1990ஆம் ஆண்டில் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆய்வுக்குழு ஒன்று, நாயின் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் பகுதியில் தளர்த்தும் நரம்புகள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுவதை 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவின் டேவிட் பிரெட், சாலமன் ஸ்னைடர் ஆகியோர் நைட்ரிக் ஆக்சைடை உருவாக்கும் நொதியை மூளையிலிருந்து பிரித்தெடுத்தனர். அதே நொதி குடல்சுவரின் நரம்பணுக்களிலும் இருப்பது கண்டறியப்பட்டது.

நரம்பில் உருவாகும் விதம்

குடல்சுவரின் இரண்டு தசை அடுக்குகளுக்கு இடையே ஒரு நரம்புப் பின்னல் அமைந்துள்ளது. அதிலுள்ள நரம்பணுக்களில் ஒரு பகுதியினவே தளர்த்தும் நரம்பணுக்கள். இவற்றில் நைட்ரிக் ஆக்சைடு சிந்தேஸ் என்ற நொதியின் நரம்பு வகை காணப்படுகிறது. நரம்பில் தூண்டல் வந்தவுடன் கால்சியம் உள்ளே நுழைந்து, கால்மோடுலின் என்ற புரதத்துடன் இணைந்து இந்நொதியைச் செயல்பட வைக்கிறது. நொதி, ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தையும் ஆக்சிசனையும் எடுத்துக்கொண்டு, நைட்ரிக் ஆக்சைடையும் சிட்ருலினையும் உருவாக்குகிறது.

மற்ற நரம்பியக்கடத்திகளிலிருந்து இது பல வகைகளில் வேறுபடுகிறது. அசிட்டைல்கோலின் முன்கூட்டியே உருவாக்கப்பட்டு, நரம்பு நுனியில் சிறு பைகளில் சேமிக்கப்படுகிறது. நைட்ரிக் ஆக்சைடு வாயுவாதலால் அதைப் பைகளில் சேமிக்க முடியாது. தேவைப்படும் நொடியில் உருவாக்கப்பட்டு, உயிரணுச் சவ்வுகளை ஊடுருவி அருகிலுள்ள தசையைச் சென்றடைகிறது. தசையின் மேற்பரப்பில் இதற்கென ஏற்பி எதுவும் தேவையில்லை. சில நொடிகளில் வேறு சேர்மமாக மாறிச் செயலிழந்து விடுவதால், இதன் விளைவு குறுகிய இடத்திலும் குறுகிய நேரத்திலும் அடங்குகிறது. வாயில் ஒன்றைத் திறந்து உடனே மூட வேண்டிய பணிக்கு இப்பண்பு பொருத்தமாக அமைகிறது.

தசைக்குள் நிகழ்பவை

மென்தசை சுருங்குவதற்குக் கால்சியம் அடிப்படையானது. கால்சியத்தின் அளவு உயரும்போது ஒரு கைனேஸ் நொதி தூண்டப்படுகிறது. அது மயோசின் புரதத்தின் ஒரு சங்கிலியில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. மயோசின் ஆக்டினைப் பற்றி இழுக்கத் தசை சுருங்குகிறது. பாஸ்பட்டேஸ் என்ற நொதி அந்தப் பாஸ்பேட்டை நீக்கும்போது தசை தளர்கிறது. தசை இறுக்கம் என்பது இந்த இரு நொதிகளுக்கும் இடையிலான சமநிலையே ஆகும்.

தசைக்குள் நுழையும் நைட்ரிக் ஆக்சைடு இச்சமநிலையைத் தளர்வின் பக்கம் சாய்க்கிறது. அது குவானிலைல் சைக்ளேஸ் என்ற நொதியிலுள்ள ஹீம் பகுதியின் இரும்பு அணுவுடன் இணைகிறது. தூண்டப்பட்ட நொதி, வளைய ஜி.எம்.பி. என்ற மூலக்கூறை உருவாக்குகிறது. வளைய ஜி.எம்.பி. தூண்டும் மற்றொரு கைனேஸ் நொதி மூன்று வகைகளில் செயல்படுகிறது:

- உயிரணுவின் உட்சேமிப்பிலிருந்து கால்சியம் வெளிவருவதைக் குறைக்கிறது.
- பொட்டாசியம் வாய்க்கால்களைத் திறந்து, தசையின் மின்னழுத்தத்தை மேலும் எதிர்மறையாக்குகிறது. இதனால் வெளியிலிருந்து கால்சியம் நுழைவது குறைகிறது.
- மயோசினிலிருந்து பாஸ்பேட்டை நீக்கும் நொதியின் செயலை மிகுவிக்கிறது.

பணி முடிந்ததும் பாஸ்போடைஎஸ்டரேஸ் வகை நொதிகள் வளைய ஜி.எம்.பி.யைச் சிதைக்கின்றன. இதனால் தசை மீண்டும் தனது பழைய இறுக்கத்திற்குத் திரும்புகிறது.

உடன் செயல்படும் கடத்திகளும் உயிரணுக்களும்

நைட்ரிக் ஆக்சைடு கண்டறியப்பட்டதால் பர்ன்ஸ்டாக்கின் கருத்து பொய்யாகிவிடவில்லை. குடலின் தளர்த்தும் நரம்புகள் ஏ.டி.பி. வகைப் பொருள்களையும் நைட்ரிக் ஆக்சைடையும் வி.ஐ.பி.யையும் சேர்த்தே பயன்படுத்துகின்றன என்பது இன்றைய புரிதல். நரம்பைத் தூண்டியவுடன் முதலில் விரைவான, குறுகிய தளர்வு ஏற்படுகிறது, இதற்கு ஏ.டி.பி. வகைப் பொருள்கள் காரணம். அதைத் தொடர்ந்து மெதுவாகத் தொடங்கி நீடிக்கும் தளர்வுக்கு நைட்ரிக் ஆக்சைடு காரணம். எந்தக் கடத்தியின் பங்கு மிகுதி என்பது உறுப்புக்கு உறுப்பு மாறுகிறது. உணவுக்குழாயின் கீழ்ச் சுருக்குத்தசையில் நைட்ரிக் ஆக்சைடின் பங்கே மேலோங்கி நிற்கிறது.

நரம்புக்கும் தசைக்கும் இடையே காஹால் உயிரணுக்கள் என்ற சிறப்பு உயிரணுக்களும் உள்ளன. ஸ்பெயின் அறிவியலாளர் சான்டியாகோ ரமோன் இ காஹாலின் பெயரால் அழைக்கப்படும் இவை, குடலின் மின்னலைகளைத் தோற்றுவிக்கின்றன. மனித இரைப்பையில் இவ்வலைகள் நிமிடத்திற்கு ஏறத்தாழ 3 முறை எழுகின்றன. நைட்ரிக் ஆக்சைடின் செய்தியைப் பெற்றுத் தசைக்குக் கடத்துவதிலும் இவ்வுயிரணுக்களுக்குப் பங்குண்டு.

உறுப்புகளில் இதன் பங்கு

உணவுக்குழாய்: விழுங்கியவுடன், கவளம் வந்து சேர்வதற்கு முன்பே கீழ்ச் சுருக்குத்தசை தளர்ந்து திறக்கிறது. உணவுக்குழாயின் உடற்பகுதியிலும் முதலில் தளர்த்தும் செய்தியே செல்கிறது. கீழே செல்லச் செல்ல இத்தளர்வு நீண்ட நேரம் நீடிப்பதால், சுருக்கம் மேலிருந்து கீழாக வரிசையாக நிகழ்கிறது. நைட்ரிக் ஆக்சைடைத் தடுத்தால் இவ்வரிசை குலைந்து, குழாய் முழுவதும் ஒரே நேரத்தில் சுருங்குகிறது. நைட்ரிக் ஆக்சைடைப் பற்றிக்கொள்ளும் ஹீமோகுளோபினை மனிதர்களின் இரத்தத்தில் செலுத்தி 1990களில் செய்யப்பட்ட ஆய்வு இதனை உறுதிப்படுத்தியது.

இரைப்பை: வெறும் இரைப்பையின் கொள்ளளவு மிகக் குறைவு. உணவு வரும்போது அதன் மேற்பகுதி தளர்ந்து விரிவதால், உள்ளழுத்தம் பெரிதாக உயராமல் ஒரு லிட்டருக்கும் மேலான உணவை ஏற்க முடிகிறது. வேகஸ் நரம்பின் வழி நிகழும் இத்தளர்விலும் நைட்ரிக் ஆக்சைடு பங்கேற்கிறது. இது குறையும்போது சிறிதளவு உண்டவுடனேயே வயிறு நிறைந்துவிட்ட உணர்வு தோன்றும்.

இரைப்பையின் கீழ்வாய்: பைலோரஸ் எனப்படும் இவ்வாயில் உணவுக்கூழைச் சிறிது சிறிதாகச் சிறுகுடலுக்குள் விடுகிறது. 1993இல் நரம்பு வகை நொதிக்கான மரபணு நீக்கப்பட்ட எலிகளில் பைலோரஸ் தசை தடித்து, இரைப்பை பல மடங்கு வீங்கியிருந்தது.

மலக்குடலும் மலவாயும்: மலக்குடல் நிரம்பும்போது மலவாயின் உட்சுருக்குத்தசை தானாகத் தளர்கிறது. இந்த அனிச்சைச் செயலின் முதன்மைக் கடத்தியும் நைட்ரிக் ஆக்சைடே. நமது விருப்பத்திற்குக் கட்டுப்பட்ட வெளிச்சுருக்குத்தசை தனியே இயங்குவதால், உரிய நேரம் வரும்வரை மலத்தை அடக்க முடிகிறது.

குறைபாட்டால் வரும் நோய்கள்

அக்கலேசியா: 'தளராமை' என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் தளர்த்தும் நரம்பணுக்கள் அழிந்துவிடுவதால் வாயில் திறப்பதில்லை. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இந்நோய் புதிதாக ஏற்படுகிறது. தொடக்கத்திலிருந்தே கெட்டியான உணவு, நீர் ஆகிய இரண்டையும் விழுங்கச் சிரமம் ஏற்படுவது, செரிக்காத உணவு மேலேறி வருவது, இரவில் இருமல், உடல் எடை குறைதல் ஆகியவை இதன் அறிகுறிகள். நெஞ்செரிச்சலும் இருக்கக்கூடும் என்பதால், அமில நோய் என்று கருதி நீண்ட காலம் வேறு சிகிச்சை பெறுவோர் உண்டு. இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1674ஆம் ஆண்டிலேயே இந்நோயை விவரித்துள்ளார். திமிங்கில எலும்பின் முனையில் கடற்பஞ்சைக் கட்டி, உணவை இரைப்பைக்குள் தள்ளுவதே அவர் கையாண்ட முறை. தென் அமெரிக்காவில் காணப்படும் சாகஸ் நோயிலும் ஒட்டுண்ணியால் இதே நரம்புப் பின்னல் அழிந்து, உணவுக்குழாய் பெரிதாக வீங்குகிறது.

ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய்: ஏறத்தாழ 5,000 குழந்தைகளில் ஒன்றுக்குப் பெருங்குடலின் இறுதிப்பகுதியில் நரம்பணுக்களே இல்லாமல் பிறவி ஏற்படுகிறது. தளர்த்தும் நரம்பு இல்லாத அப்பகுதி சுருங்கியே இருக்கும். அதற்கு மேலுள்ள குடல் வீங்கும். பிறந்து 48 மணி நேரம் ஆகியும் குழந்தை மலம் கழிக்காதது முக்கிய எச்சரிக்கை அறிகுறி. மலக்குடலில் சிறு பலூனை விரித்து, உட்சுருக்குத்தசை தளர்கிறதா என்று பார்ப்பது கண்டறியும் முறைகளில் ஒன்று. திசுப் பரிசோதனையால் நோய் உறுதி செய்யப்படுகிறது. அறுவை சிகிச்சையில் அக்குடற்பகுதி நீக்கப்படுகிறது.

பச்சிளங்குழந்தைகளின் பைலோரஸ் தடிப்பு: பிறந்து சில வாரங்களில், பாலருந்தியவுடன் வேகமாகப் பீய்ச்சியடிக்கும் வாந்தியாக இது வெளிப்படுகிறது. ஆண் குழந்தைகளிடம் மிகுதி. தடித்த தசையில் நைட்ரிக் ஆக்சைடை உருவாக்கும் நொதி குறைந்திருப்பது 1992இல் கண்டறியப்பட்டது. எனினும் நோயின் முழுக் காரணமும் அதுவே என்று கூறிவிட இயலாது. தசையைக் கீறி விடும் எளிய அறுவை சிகிச்சையால் குழந்தைகள் முழு நலம் பெறுகின்றன.

நீரிழிவு நோயாளிகளின் இரைப்பை இயக்கக் குறைவு: நீண்டகால நீரிழிவால் இரைப்பையின் காஹால் உயிரணுக்களும் நைட்ரிக் ஆக்சைடு நரம்பணுக்களும் குறையக்கூடும். உணவு இரைப்பையிலேயே தங்குவதால் குமட்டலும் வாந்தியும் ஏற்படுகின்றன. உணவு எப்போது குடலைச் சென்றடையும் என்பது நிச்சயமில்லாததால், இன்சுலின் போட்டுக்கொள்வோருக்கு இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது.

மிகையால் வரும் தீங்கு

நைட்ரிக் ஆக்சைடு மிகுதியானாலும் தீங்கு நேரும். அழற்சியின்போது வெள்ளணுக்களில் தோன்றும் மற்றொரு வகை நொதி, நரம்பு வகை நொதியைவிடப் பன்மடங்கு நைட்ரிக் ஆக்சைடைத் தொடர்ச்சியாக உருவாக்குகிறது. வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பின் சில நாட்கள் குடல் அசைவின்றி இருப்பதற்குக் குடல்தசையிலுள்ள இவ்வெள்ளணுக்களின் செயலும் ஒரு காரணமாகும்.

மருத்துவப் பயன்பாடு

ஆசனவாய் வெடிப்பில் உட்சுருக்குத்தசை மிகையாக இறுகி, அப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைகிறது. அதனால் புண் ஆறுவதில்லை. நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும் கிளிசரைல் டிரைநைட்ரேட்டு களிம்பைத் தடவினால் தசை தளர்ந்து, இரத்த ஓட்டம் கூடி, பலருக்குப் புண் ஆறுகிறது. தலைவலி இதன் பொதுவான பக்கவிளைவு.

அக்கலேசியாவில் நைட்ரேட்டு மாத்திரைகள் சுருக்குத்தசையின் அழுத்தத்தைச் சிறிது நேரம் குறைக்கும். அழிந்த நரம்புகளை அவை மீட்பதில்லை. எனவே அறுவை சிகிச்சைக்கு உடல்நிலை இடம் தராதவர்களுக்கே பெரும்பாலும் அவை தரப்படுகின்றன. பலூனால் விரிப்பது, தசையை வெட்டிவிடும் ஹெல்லர் அறுவை சிகிச்சை, ஜப்பானில் உருவான அகநோக்கி வழித் தசைவெட்டு ஆகியவையே நிலையான பலன் தருபவை. இம்மூன்றும் நரம்பு திறக்க வேண்டிய வாயிலைக் கருவியால் திறந்துவிடும் முறைகளே.

வளைய ஜி.எம்.பி. சிதைவதைத் தடுக்கும் சில்டெனாஃபில் போன்ற மருந்துகள் உணவுக்குழாயின் சுருக்குத்தசையையும் தளர்த்துகின்றன. அம்மருந்தை உட்கொள்வோர் சிலருக்கு நெஞ்செரிச்சல் ஏற்படுவதற்கு இது காரணமாகலாம். நைட்ரேட்டு மருந்துகளையும் சில்டெனாஃபிலையும் சேர்த்து உட்கொண்டால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு வீழ்ச்சியடையும்.

நெஞ்சுவலி வந்தவர் நாக்கின் அடியில் நைட்ரோகிளிசரின் வைத்ததும் வலி குறைந்தால், அது இதய வலிதான் என்று முடிவு செய்துவிட முடியாது. உணவுக்குழாயின் தசைப்பிடிப்பும் அதே மருந்தால் தளரும். இதன் மறுபக்கமும் உண்மை: வலி குறைந்துவிட்டது என்பதால் இதயத்திற்கு ஆபத்தில்லை என்றும் கொள்ளக் கூடாது. நெஞ்சுவலி எதுவாயினும், முதலில் இதயத்தைப் பரிசோதித்த பிறகே உணவுக்குழாயை ஆராய்வது மருத்துவ நடைமுறையாகும்.